இலங்கையின் வருமானக் கோடு: எந்த எண்ணை எடுத்து வரைவது?

தங்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. 1990 முதல் 2024 வரை இலங்கையின் தேசிய வருமானத்தை ஒரே கோடாக வரைந்து நாலு பக்கம் எழுத வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஒப்படை. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, 2022 இல எங்கட வருமானம் கூடினதா, குறைஞ்சதா?"

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு. இதையும் ஒரு கேள்வி என்று கேட்கிறாளே என்று நினைத்தபடி திரையைப் பார்த்தேன். மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு மூன்று நிரல்கள். நடைமுறை விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையில், ரூபாவில்: 2021 இல் சுமார் 17.6 டிரில்லியன், 2022 இல் சுமார் 24 டிரில்லியன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. பக்கத்து நிரல் நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தை நீக்கி, ஒரே ஆண்டின் விலையில். அதில் 7 சதவீதத்துக்கு மேல் வீழ்ச்சி. மூன்றாவது டொலரில். 88 பில்லியனுக்குச் சற்று மேலே இருந்தது 75 பில்லியன் அளவுக்கு இறங்கியிருந்தது. தேசிய வருமானத்துக்கு உரிய நிரல்களைத் திறந்தாலும் இதே கதைதான். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது, இன்னொன்று இன்னும் வேகமாகக் கீழே போகிறது.

சரி, கேள்வி நியாயமானதுதான். ஒரு கோடுதான் வரையலாம் என்றால் எந்தக் கோடு?

முதலில் தீர்க்க வேண்டியது உள்நாட்டு உற்பத்தியா, தேசிய வருமானமா என்பது. தீவுக்குள் உற்பத்தியானது எல்லாம் உள்நாட்டு உற்பத்தி, அதை யார் உழைத்தாலும். அதிலிருந்து வெளிநாட்டாருக்குப் போகும் வட்டி, இலாபம், சம்பளம் ஆகியவற்றைக் கழித்து, வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் அதே வகை வரவுகளைக் கூட்டினால் மொத்தத் தேசிய வருமானம். பெரிய நாடுகளில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் சிறிதாக இருக்கும். சிறிய தீவுகளில்தான் கூத்து.

அயர்லாந்தைப் பாருங்கள். 2015 ஆம் ஆண்டுக்கு அங்கே முதலில் வெளியிட்ட வளர்ச்சி 26 சதவீதம். யாரும் அவ்வளவு உழைக்கவில்லை. பன்னாட்டுக் கம்பனிகள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே பதிந்துகொண்டன, அவ்வளவுதான். அங்கே தேசிய வருமானத்துக்குப் போனாலும் தப்ப முடியவில்லை. கடைசியில் அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம், அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் பிலிப் லேன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, விமானக் குத்தகைக் கம்பனிகளின் தேய்மானம் போன்றவற்றைக் கழித்த 'திருத்திய தேசிய வருமானம்' என்று தனியாக ஒன்றை 2017 இலிருந்து வெளியிடத் தொடங்கியது. பசிபிக்கில் உள்ள கிரிபாட்டியில் இது தலைகீழ். அந்தக் கடலில் மீன்பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம் உள்நாட்டு உற்பத்தியில் வராது, தேசிய வருமானத்தில்தான் வரும். அதனால் அங்கே தேசிய வருமானம் உள்நாட்டு உற்பத்தியை வெகுவாகத் தாண்டி நிற்கிறது. நமக்குப் பக்கத்தில் மாலைதீவில், உல்லாச விடுதிகளின் இலாபம் வெளியே போவதால் தேசிய வருமானம் குறைவு.

இலங்கை இந்த இரண்டு ஓரங்களிலும் இல்லை. தேசிய வருமானம் உள்நாட்டு உற்பத்தியை விட இரண்டு மூன்று சதவீதம் குறைவாக இருப்பது அண்மைக் கால வழக்கம். 2007 இல் 500 மில்லியன் டொலருக்கு முதல் சர்வதேசப் பிணைமுறியை (கடன் பத்திரத்தை) விற்றோம். அதன் பிறகு கடன் ஏற ஏற வட்டியும் ஏறியது. இன்னொன்று: வட்டியைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், சேர்ந்த வட்டி சேர்ந்த வட்டியாகவே கணக்கில் ஏறும் என்பதுதான் விதி. ஆகவே 2022 ஏப்ரலில் கடனைக் கட்டுவதில்லை என்று அறிவித்ததால் அந்த இடைவெளி சட்டென மறைந்துவிடாது. இடைவெளி சிறிதுதானே, எதை எடுத்தாலென்ன என்று அவள் கேட்டாள். ஓர் ஆண்டுக்கு என்றால் பரவாயில்லை. முப்பத்தைந்து ஆண்டுக் கோட்டில் அந்தச் சிறிய இடைவெளியின் மாற்றமே ஒரு கதை. ஆக, தேசிய வருமானம். இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

ஆனால் தேசிய வருமானத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர் ஒரு தவறான காரணத்துக்காக எடுக்கிறார்கள். நானும் எடுத்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு உயர்தர வகுப்பொன்றில், "குவைத்தில் வேலை செய்யும் அம்மா அனுப்பும் காசு உள்நாட்டு உற்பத்தியில் வராது, தேசிய வருமானத்தில் வரும்" என்று கரும்பலகையில் எழுதிக் கோடும் போட்டேன். பிறகு ஒருநாள், வெளிநாடுகளோடு நமக்குள்ள வரவுசெலவைக் காட்டும் சென்மதி நிலுவை அட்டவணையைக் கேள்வித்தாள் ஒன்றுக்காகப் புரட்டும்போதுதான், நான் அடிக்கோடிட்ட வசனம் பிழை என்று தெரிந்தது. அந்த மாணவர்கள் இப்போது எங்கெங்கோ இருப்பார்கள்.

விதி இதுதான். ஓராண்டோ அதற்கு மேலோ ஒரு நாட்டில் தங்கி உழைப்பவர் அந்த நாட்டின் வதிவாளர். அவருடைய சம்பளம் குவைத்தின் கணக்கு. அவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் சம்பளம் அல்ல, நன்கொடை போன்ற ஒரு மாற்றல். தேசிய வருமானத்தில் அது இல்லை. அதற்கு அடுத்த படியான மொத்தத் தேசிய செலவிடத்தக்க வருமானம் என்ற கணக்கில்தான் அது நுழைகிறது. ஓராண்டுக்கும் குறைவாகப் போய் வருபவரின் ஊதியம் மட்டும் தேசிய வருமானத்தில் சேரும். இலங்கையிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்திலோ, திரும்பி வராத கணக்கிலோ போகிறவர்கள். தொழிலாளர் பணவனுப்பல் 2020 இல் 7.1 பில்லியன் டொலர். வட்டியாலும் இலாபத்தாலும் வெளியே போன நிகரத் தொகையைப் போல இது மூன்று மடங்கு அளவு. இவ்வளவு பெரிய தொகை கோட்டுக்கு வெளியே நிற்கிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது எந்த விலையில், எந்த நாணயத்தில் என்பது. நடைமுறை விலை ரூபாவை முதலிலேயே தள்ளிவிடலாம். 1990 இல் ஒரு டொலர் சுமார் 40 ரூபா; இன்று 300. அந்தக் கோடு ஏறத்தாழ எப்போதும் மேலேதான் போகும், 2022 இல் கூட. அரசியல் மேடைக்கு நல்லது. வரவுசெலவுத் திட்டப் பற்றாக்குறையைச் சதவீதமாகச் சொல்வதற்கு வகுத்தியாகவும் வேண்டும். காலத்தைத் தாண்டி ஒப்பிட உதவாது.

டொலர் கோடுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நம்பத்தகுந்ததாகத் தோன்றும். 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் வரை உத்தியோகபூர்வ வீதத்தை 200 ரூபா சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். விட்டதும் இரண்டு மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. ஆக, 2021 இன் டொலர் வருமானம் செயற்கையாக உயர்ந்தது. 2022 இல் வீழ்ந்ததில் ஒரு பகுதி அந்தப் பொய் கலைந்தது. அதைவிட மோசம் 2023. அந்த ஆண்டு பொருளாதாரம் மேலும் 2.3 சதவீதம் சுருங்கியது. டொலர் கோடோ 75 அளவிலிருந்து சுமார் 84 பில்லியனுக்கு ஏறுகிறது! விலைகள் ஏறியபடி இருக்க, சராசரி நாணயமாற்று வீதம் ஏறத்தாழ 325 இலேயே நின்றதால் வந்த ஏற்றம் அது. 2024 இல் ரூபா சராசரி 302 ஆக வலுப்பெற்றதும் டொலர் கோடு 99 பில்லியனுக்குப் போய் 2018 ஐயும் தாண்டி வரலாற்று உச்சத்தில் நிற்கிறது. நிலையான விலைக் கோட்டில் 2024 இன்னும் 2018 இன் மட்டத்தையே தொடவில்லை. ஒரு குடும்பத்துக்கு எது உண்மை என்று கேட்டால், சந்தைக்குப் போய் வருகிறவருக்குப் பதில் தெரியும்.

உலக வங்கியின் அட்லஸ் முறை இந்தத் தள்ளாட்டத்தைக் குறைக்கத்தான் வந்தது. அந்த ஆண்டின் வீதத்தை மட்டும் எடுக்காமல் முந்திய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து, பணவீக்க வேறுபாட்டுக்குத் திருத்தி, மூன்றின் சராசரியால் மாற்றுகிறார்கள். திடீர் ஆட்டத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பிவிடுகிறது. நாடுகளைக் குறைந்த, கீழ் நடுத்தர, மேல் நடுத்தர, உயர் வருமானம் என்று பிரிப்பது இந்த எண்ணால்தான்.

அதன் விசித்திரத்தை நாம் நேரிலேயே பார்த்தோம். 2019 ஜூலையில் இலங்கை மேல் நடுத்தர வருமான நாடு என்று உலக வங்கி வகைப்படுத்தியது. 2018 க்கான தலா வருமானம் 4,060 டொலர். அந்த வகுப்பின் வாசல் 3,996. அடுத்த ஜூலையில் கீழே இறக்கிவிட்டார்கள். 2019 க்கான தலா வருமானம் 4,020. வாசல் 4,046 ஆகியிருந்தது. நாம் இறங்கியது 40 டொலர், வாசல் ஏறியது 50. ஏறியபோது சுவரொட்டி அளவுக்குப் பெருமை பேசியவர்களும் இறங்கியபோது நாடு நாசமாகிவிட்டது என்றவர்களும் இந்த 90 டொலருக்குள்தான் சண்டை பிடித்தார்கள். ஆனால் அந்த எண்ணுக்குக் காசுப் பெறுமதி உண்டு. உலக வங்கிக் குழுமத்தில் மலிவுக் கடன் கொடுக்கும் பிரிவிலிருந்து இலங்கை 2017 இல் "தேறி" வெளியேறியது. நெருக்கடிக்குப் பிறகு 2022 டிசம்பரில் திரும்பவும் அந்தத் தகுதிக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவளுடைய ஒப்படை கடன் தகுதியைப் பற்றியது என்றால் அட்லஸ் எண்ணைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன், வேறு எதையும் தொட விட்டிருக்க மாட்டேன்.

கொள்வனவுச் சக்திச் சமநிலை டொலரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் முடிவெட்டும் செலவையும் நியூயோர்க்கில் முடிவெட்டும் செலவையும் ஒரே தராசில் வைக்கும் கணக்கு அது. இலங்கைக்கு அட்லஸ் எண்ணைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வரும். இன்னொரு நாட்டோடு ஒப்பிட நல்ல கருவி. ஆனால் நிலையான சர்வதேச டொலரில் உள்ள காலக்கோடு, உள்நாட்டு நிலையான விலை வளர்ச்சியையே ஒரு குறிப்பிட்ட ஆண்டின் விலை ஒப்பீட்டால் பெருக்கியது. கோட்டின் வடிவம் ஒன்றுதான், அலகு மட்டும் வேறு. தனியாக எடுத்து ஒரு லாபமும் இல்லை.

மிஞ்சுவது நிலையான விலையில் ரூபா. "அப்ப இதுதான், சரியா?" என்று மூடப்போனாள். இல்லை, இதில்தான் கைவேலை இருக்கிறது.

எந்த ஆண்டின் விலையை நிலையாக எடுக்கிறார்களோ அந்த அடி ஆண்டுகள் 1996, 2002, 2010, 2015 என்று மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிய கணக்கெடுப்பு, புதிய துறைகள், புதிய நிறைகள். 2013 இன் வளர்ச்சி 2002 அடி ஆண்டில் 7 சதவீதத்துக்கு மேல். 2010 அடி ஆண்டுக்கு மாறியபோது அதே ஆண்டு 3.4 சதவீதம். போர் முடிந்தபின் பாய்ந்து வளர்ந்தோம் என்ற கதையில் பாதி அடி ஆண்டோடு கரைந்தது. ஆகவே பழைய அட்டவணையையும் புதியதையும் அப்படியே ஒட்டினால் கோட்டில் படிக்கட்டு வரும். செய்ய வேண்டியது, இரண்டிலும் உள்ள ஒரு பொது ஆண்டை எடுத்து, புதியதைப் பழையதால் வகுத்து, அந்த விகிதத்தால் பழைய ஆண்டுகளை எல்லாம் பெருக்குவது. உதாரணத்துக்கு, பொது ஆண்டில் பழைய வரிசை 800, புதியது 1,000 என்றால் முந்திய எல்லாவற்றையும் 1.25 ஆல் பெருக்க வேண்டும். வளர்ச்சி வீதங்கள் பழைய வரிசையினது, மட்டம் புதிய வரிசையினது. நான் சொல்லச் சொல்ல எக்செலில் போட்டாள். மூன்றாவது ஒட்டில் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டதால் 1990 களில் நாடு திடீரென்று வறுமைக்குள் விழுந்தது. பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்தினோம்.

விலைத்திருத்தத்தில் இன்னொரு பொறி. 2022 க்குப் பணவீக்கம் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது 69.8 சதவீதம். அது கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் செப்டெம்பர் மாதத்தில், முந்திய செப்டெம்பரோடு ஒப்பிட்டுக் காட்டிய உச்சம். ஆண்டு முழுவதற்குமான சராசரி அதைவிட வெகு குறைவு. அந்த உச்ச எண்ணை எடுத்து ஆண்டு வருமானத்தைத் திருத்தினால் பொருளாதாரம் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது போல் வரும். அவளுடைய நண்பன் ஒருவன் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறானாம்.

பிறகு தலைகள். மொத்தத்தை விடத் தலா வருமானம் நல்லது என்று சொல்லிவிடலாம், ஆனால் தலைகளை எண்ணியவர் யார்? 1981 க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய தொகைமதிப்பு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் 25 மாவட்டங்களில் 18 இல் மட்டுமே முழுமையாக நடந்தது. மற்ற ஏழும் வடக்கு, கிழக்கில். வீட்டு வருமான, செலவு அளவீடு எல்லா மாவட்டங்களையும் முதன்முறை தொட்டது 2012/13 இல். இடையில் உள்ள நடு ஆண்டு சனத்தொகை எல்லாம் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்துக் கட்டிய மதிப்பீடு. யார் கப்பலேறினார், யார் காணாமற்போனார் என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. விளைவு, 2011 மதிப்பீடு சுமார் 20.87 மில்லியன், 2012 இல் சுமார் 20.4 மில்லியன். ஓராண்டில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் காகிதத்தில் இல்லாமற்போனார்கள். தலா வருமானம் எந்த உழைப்பும் இல்லாமல் 2 சதவீதம் ஏறியது. 2024 தொகைமதிப்பிலும் இதே சங்கதி: முந்திய ஆண்டின் மதிப்பீடு 22 மில்லியன், எண்ணியபோது 21.8. இந்த இரண்டு இடத்திலும் கோட்டை ஒட்டிவிடாமல் ஒரு நெடுங்கோடு போட்டு, "இங்கே தலைக்கணக்கு மாறியது" என்று எழுதச் சொன்னேன். முடிந்தால் 1981, 2012, 2024 ஆகிய மூன்று தொகைமதிப்புகளுக்கு இடையே சீராக வளர்ந்ததாக எடுத்துக்கொண்டு தலைகளைத் தானே கணக்கிடலாம். அதுவும் முழு உண்மை அல்ல, எண்பதுகளில் போனவர்கள் சீராகப் போகவில்லை. இருந்தாலும் பொய்யான படிக்கட்டு வராது.

'மொத்த' என்ற சொல்லையும் அவள் விடவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போனது. 2005 இல் பொருளாதாரம் 6 சதவீத அளவில் வளர்ந்ததாக அட்டவணை சொல்கிறது. எப்படி? இடிந்த வீடு கழிக்கப்படாது, கட்டிய வீடு கூட்டப்படும். அதுதான் 'மொத்த' கணக்கின் இயல்பு. தேய்மானத்தைக் கழித்த தேறிய வருமானத்துக்குப் போனாலும் பேரழிவு இழப்பு அதில் வராது. இதற்கு என்னிடம் மாற்றுக் கோடு கிடையாது. அடிக்குறிப்பு போதும்.

ஆக என் தெரிவு: நிலையான விலையில், ஒட்டிச் சரிசெய்த தலா தேசிய வருமானம், ரூபாவில். அதுதான் கறுப்புக் கோடு. அதற்கு மேலே பணவனுப்பல்களையும் அதே விலையில் கூட்டிய செலவிடத்தக்க வருமானத்தை ஒரு புள்ளிக்கோடாக. ஒரு கோடுதானே கேட்டார்கள் என்றாள். கேட்டது ஒன்று, வேண்டியது இரண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போகிற பிள்ளை இந்த இரண்டாவது கோட்டைப் போடாவிட்டால் வேறு யார் போடுவது? அவள் படிப்புச் செலவே கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பா அனுப்புவது.

இரண்டையும் போட்டதும் 2021 இல் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி சுருங்கியது, 2022 இல் புள்ளிக்கோடு கறுப்புக் கோட்டைவிட வேகமாகக் கீழே விழுந்தது. உத்தியோகபூர்வப் பணவனுப்பல் 7.1 இலிருந்து 5.5, பிறகு 3.8 பில்லியன். 2022 இல் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனவர்களோ மூன்று இலட்சத்துக்கு மேல், அதுவரை இல்லாத அளவு. ஆட்கள் கூடக் காசு குறைந்ததா?

"மாமா, அந்த நேரம் பெரியப்பா வங்கியால அனுப்பேல்ல. உண்டியல்லதான் வந்தது. ஒரு ஆள் மோட்டச்சைக்கிள்ல வந்து, அம்மாட்ட ரெலிபோன்ல வந்த இலக்கத்தைக் கேட்டிட்டு, பொலித்தீன் பைக்குள்ள இருந்து எண்ணிக் குடுத்திட்டுப் போனவர்."

ஒரு டொலருக்கு வங்கி 200 ரூபா கொடுக்கும்போது, வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் 240, 250 கொடுத்தார். அந்தக் காசு எங்கள் வீடுகளுக்கு வந்தது, அரிசியாகவும் கட்டணமாகவும் செலவானது. டொலர் மட்டும் நாட்டுக்குள் வரவில்லை, கணக்கிலும் ஏறவில்லை. 2023 இல் வீதம் சரியானதும் பணவனுப்பல் ஏறத்தாழ 6 பில்லியனுக்குத் திரும்பியது. அனுப்புகிறவர்கள் திடீரென்று பாசக்காரர் ஆகவில்லை.

இதை எந்த நிரலாலும் திருத்த முடியாது. திருத்துகிறேன் என்று ஓர் எண்ணைக் கற்பனையில் போடவும் கூடாது. அதனால் அச்செடுத்த வரைபில், 2020 க்கும் 2023 க்கும் இடைப்பட்ட புள்ளிக்கோட்டை மட்டும் அழித்துவிட்டு, அதே இடத்தில் பென்சிலால் மெல்லிதாக வரையச் சொன்னேன். ஓரத்தில் "பொலித்தீன் பை" என்று எழுதினாள். விரிவுரையாளர் கேட்டால் விளக்கம் சொல்கிறாளாம்.